நெத்திலி காயும் சூடு

நான் போயிருக்க வேண்டியது ஸ்வீடனுக்கு. போனது போலகத்துக்கு.

கோயம்புத்தூரில், தொழிற்சாலை அடுப்புகளுக்கு மின்சார ஹீட்டர் செய்து விற்கும் ஒரு சின்னக் கம்பெனியில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறேன். ஊர் ஊராகப் போய், அடுத்தவர் அடுப்பைச் சுற்றிப் பார்த்து, எவ்வளவு எரிபொருள் வீணாகிறது, எவ்வளவு கரிப்புகை காற்றில் கலக்கிறது என்று குறை சொல்வது என் வேலை. அந்தக் குறையைக் காட்டி ஹீட்டர் விற்பது முதலாளியின் வேலை. நிலக்கரி இல்லாமல் இரும்பு செய்கிறார்களாம் ஸ்வீடனில். அதைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். கம்பளிப் பனியன்கூட வாங்கிவிட்டேன். விசா கிடைக்கவில்லை. பயணத்தின் நோக்கம் தெளிவாக இல்லையாம். நாற்பத்தாறு வயதுப் பெண்மணி, தனியாக, அடுப்பைப் பார்க்க அவ்வளவு தூரம் வருகிறேன் என்றால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

முதலாளி தண்டபாணி சார் இரண்டு நாள் என்னைவிட அதிகமாக வருத்தப்பட்டார். மூன்றாம் நாள் கூப்பிட்டார்.

"மல்லிகாம்மா, காரைக்கால்ல ஒரு டைல்ஸ் ஃபேக்டரிக்காரர் கூப்புட்டுட்டே இருக்காருங்க. போய்ட்டு வந்துருங்க. அதுவும் ஒரு காலத்துல பிரான்ஸ்தானுங்க."

அப்படியாக என் ஐரோப்பியப் பயணம் ஐப்பசி மழையில் தொடங்கியது.

நாகப்பட்டினத்திலிருந்து ஏறிய பஸ்ஸில் நிற்க இடமில்லை. காரைக்கால் மேல் இத்தனை பேருக்கு இத்தனை ஆசையா என்று வியந்துகொண்டே வந்தேன். புதுச்சேரி எல்லை தாண்டிய முதல் நிறுத்தத்தில் ஆண்கள் மொத்தமாக இறங்கி, மழையையும் பொருட்படுத்தாமல், சரக்குக் கடைகளை நோக்கி நடந்தார்கள். பஸ் காலி. கண்டக்டர் சாவகாசமாக என் எதிரில் உட்கார்ந்தார்.

"ஊருக்குள்ள போற ஆளு நீங்க ஒருத்தங்கதானா?"

"ஆமாங்க. வேலை விஷயமா."

"அவங்களும் வேலை விஷயமாத்தான் வந்தாங்க. வேலை இஞ்சயே முடிஞ்சிடுச்சு" என்றார்.

திருமலைராயன்பட்டினத்தில் இறங்கினேன். மழைக்குப் பயந்து ஒரு ஆட்டோ இல்லை. கடலோரப் பட்டினச்சேரிக்கு மீன் பெட்டி ஏற்றிக்கொண்டு போன லோடு ஆட்டோக்காரர் பரிதாபப்பட்டு, தொழிற்சாலை இருக்கும் போலகம் வழியாகப் போகிறேன் என்றார். முன்னால் அவருடைய மச்சான் உட்கார்ந்திருந்ததால் எனக்கு வண்டியின் பின்பகுதியில், இரண்டு ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் இடம். பையைக் காலடியில் வைத்தேன். ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தது. ஒரு பெட்டியின் மூடி திறந்துகொண்டது. உருகிய ஐஸ் தண்ணீர் மொத்தமும் பைக்குள் இறங்கியது. கம்பளிப் பனியனை இந்தச் சமயத்தில்தான் நினைத்துக்கொண்டேன்.

"பயப்படாதீங்க, சுத்தமான தண்ணிதான்" என்றார் டிரைவர். அந்தச் சுத்தமான தண்ணீரில் இரண்டு மத்தி மீன் மிதந்தது.

பைக்குள் இருந்த முக்கியமான பொருள், தூரத்திலிருந்து சூட்டை அளக்கும் டெம்பரேச்சர் கன். கைத்துப்பாக்கி மாதிரி இருக்கும். குறிபார்த்து அழுத்தினால் டிகிரி காட்டும். தொழிற்சாலை வாசலில் நின்று அதை என் உள்ளங்கைக்கு நேரே பிடித்து அழுத்தினேன். நானூற்றுப் பன்னிரண்டு டிகிரி என்றது. அதன் பிறகு எதுவும் சொல்லவில்லை.

தொழிற்சாலை உரிமையாளர் கவுஸ் மைதீன், அறுபது வயது. துபாயில் டைல்ஸ் கடை வைத்திருந்துவிட்டு ஊர் திரும்பி, மூடிக் கிடந்த இந்தத் தொழிற்சாலையை வாங்கி நடத்துகிறார். ஊரே அவரை நானா என்கிறது. அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள். நான் சொட்டச் சொட்ட நிற்பதைப் பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி, "பசியாறிட்டீங்களாம்மா?"

"பசியே இல்லைங்க."

அவர் முகம் வாடிவிட்டது. காலைச் சாப்பாட்டைத்தான் பசியாறுவது என்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஐந்து நிமிஷம் மாறி மாறிப் பேசித் தீர்த்தோம். இறால் வைத்துச் சுட்ட வாடா, அந்தப் பக்கத்து வடை, மூன்று வந்தது. நாலாவதை நானே கேட்டு வாங்கினேன்.

சாப்பிட்ட பிறகு விஷயத்துக்கு வந்தார். துபாயில் ஒரு ஹோட்டல் கட்டுகிறவர் இவரிடம் டைல்ஸ் வாங்குகிறார். இப்போது, ஒரு பெட்டி டைல்ஸ் செய்ய எவ்வளவு கரிப்புகை போகிறது, அதை எப்படிக் குறைத்தீர்கள் என்று அடுப்பு நிபுணர் ஒருவரின் கையெழுத்தோடு கடிதம் கேட்கிறார். இந்த மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் ஆர்டர் வேறிடம் போய்விடும்.

"போச்சுன்னா ரெண்டாவது ஷிப்டு மவுத்து, மூடிட வேண்டியதுதான். முப்பது பொம்பளைங்க டைல்ஸ தரம் பாத்துப் பொறுக்குற வேலை பாக்குறாங்க. அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"கவலைப்படாதீங்க" என்றேன். அந்த வார்த்தையை எந்த தைரியத்தில் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

"இன்னொரு கஷ்டமும் இருக்கு." குரலைத் தாழ்த்தினார். "பெட்டியப் பிரிச்சா செத்த கடல் மாதிரி வாடை அடிக்குதுங்குறான். நானும் அட்டைப்பெட்டி மாத்திட்டேன், லாரிய பன்னீர் ஊத்திக் கழுவிட்டேன், குடோன்ல சாம்பிராணி போட்டுட்டேன். இப்ப சாம்பிராணி போட்ட செத்த கடல் மாதிரி இருக்குங்குறான்."

அது என் துறை இல்லை என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் சூளையைப் பார்த்தேன். அங்கே எல்லோரும் கில்ன் என்கிறார்கள். ஒரு தெரு நீளத்துக்குப் படுத்திருக்கும் சுரங்கம். உள்ளே நூற்றுக்கணக்கான ரோலர்கள் உருள, அவற்றின் மேல் டைல்கள் ஊர்வலம் போகின்றன. நடுவில் ஆயிரத்து நூறு டிகிரிக்கு மேல். டெல்டா மண்ணுக்கடியிலிருந்து வரும் கேஸ்தான் எரிபொருள். இந்த அடுப்பு ராத்திரி பகல் அணைவதே இல்லை. அணைத்தால் திரும்பச் சூடேற்ற நாள் கணக்காகும். எங்கள் ஊர்ப் பட்டறைகளில் சின்ன உலைகளைக் கரண்டில் ஓட்டுகிறோம். அதே தெம்பில் கில்ன் ஆபரேட்டர் பக்கிரிசாமியிடம் பேச்சைத் தொடங்கினேன். போலகத்துக்காரர். சூட்டில் வற்றிப்போன உடம்பு. மீட்டர் எதைக் காட்டினாலும் நம்பாதவர்.

"இதை முழுக்கக் கரண்டுக்கு மாத்திட்டா என்னங்க?"

அவர் யோசித்துவிட்டுப் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அந்த நொடியில் கரண்ட் போனது.

விளக்கு அணைந்ததும் ஒரு கத்தல். "ரோலர்! ரோலர்!" ரோலர் சுற்றாமல் நின்றால் சூட்டில் வளைந்து ஒடிந்துவிடும். ஜெனரேட்டர் இருமியது, மறுபடி இருமியது, பிடிக்கவில்லை. பக்கிரிசாமி ஒரு நீண்ட இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்ற ஆரம்பித்தார், கிணற்று ராட்டினம் மாதிரி. அவருக்கு மூச்சு வாங்கியதும் பக்கத்தில் நின்ற ஒரே ஆள் நான். வாங்கிச் சுற்றினேன். கால் மணி நேரம் மாற்றி மாற்றிச் சுற்றினோம். கம்பளி இல்லாமலே ஸ்வீடனைத் தாண்டும் அளவுக்கு வியர்த்தேன்.

"மேடம்," என்றார் பக்கிரிசாமி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "நீங்க கேட்டீங்களே கரண்டு, அது இதுதான். இவ்ளோ பெரிய அடுப்ப கரண்டுல எரிக்கணும்னா காரைக்கால்ல ஒரு வூட்லயும் ஃபேன் ஓடாது. அப்பவும் இப்படித்தான் புடுங்கும்."

ஜெனரேட்டர் பிடித்தது. என் கம்பெனியின் இருபது வருஷத்து வாதம் அந்தக் கைப்பிடியில் முடிந்தது. சாயங்காலம் தண்டபாணி சார் போன் செய்து, "எத்தனை ஹீட்டர் தேவைப்படுமுங்க?" என்றார். சிக்னல் இல்லை என்று சொல்லிவிட்டு, சிக்னல் நன்றாக இருக்கும்போதே துண்டித்தேன்.

அதற்கு முன், அன்று மத்தியானம், நானா வீட்டிலிருந்து சாப்பாடு வந்திருந்தது. "ஆணம் ஊத்தட்டுமா?" என்று கேட்டார் கொண்டுவந்தவர். குழம்புதான் ஆணம். கொடுவா மீன் ஆணம். எங்கள் வீட்டில் மீன் என்பது எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை நடக்கும் சம்பவம். இங்கே அது தினசரி நடப்பு. இரண்டு முறை சோறு வாங்கினேன். வேலை செய்தவளுக்குத்தான் பசியின் அருமை தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள், வேறு வழி யோசித்தேன். அடுப்பை மாற்ற முடியாது. ஆனால் அடுப்பு எதையாவது வீணாக்காமல் இருக்காது. கில்னின் கடைசிப் பகுதியில், வெந்த டைல்களை ஆற வைக்க வெளிக்காற்றை ஊதுகிறார்கள். அந்தக் காற்று சூடாகி, கூரைக்கு அருகே ஒரு தகரக் குழாயில் ஏறி, வானத்துக்குப் போகிறது. எவ்வளவு சூடு, எங்கே கசிவு என்று அளக்க வேண்டும். அளக்கும் கருவி மத்தி மீனோடு குளித்துவிட்டது. கையால் தடவியாவது பார்ப்போம் என்று இரும்பு ஏணியில் ஏறினேன்.

மேலே, குழாய் ஓரத்து மேடையில், உடைந்த டைல்களை வரிசையாக அடுக்கி, அவற்றின் மேல் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் நெத்திலி, ஒரு பக்கம் வாளை. குழாயின் மூட்டுக்கு எதிரே ஒரு கம்பியில் சுறாத் துண்டுகள் தோரணமாகத் தொங்கின. நேர் கீழே எட்டிப் பார்த்தேன். துபாய்க்குப் போகும் அட்டைப்பெட்டிகள்.

பின்னால் ஏணி கிரீச்சிட்டது. டைல்ஸ் பொறுக்கும் பிரிவில் வேலை பார்க்கும் அஞ்சலை, பட்டினச்சேரிக்காரர். என் வயதுதான் இருக்கும். கையில் இன்னொரு கூடை. என்னைப் பார்த்ததும் கூடையைப் பின்னால் மறைத்தார். மறைக்கக்கூடிய அளவுக் கூடை இல்லை அது.

"மேடம், மொதலாளிகிட்ட சொல்லிடாதீங்க."

"எத்தனை நாளா நடக்குதுங்க இது?"

"போன மழையிலேர்ந்து. வெயில் அடிச்சா மணல்லயே போட்டுடுவோம். அடமழை புடிச்சா எங்க தெருவுல எட்டு வூட்டு மீனும் அழுவிப் போவுது. கோழித் தீனிக்குக்கூட வாங்க மாட்டேங்குறான். இஞ்ச பாத்தா சூடு சும்மா ஆகாசத்துக்குப் போவுது."

இருபது வருஷமாக நான் அறிக்கைகளில் பக்கம் பக்கமாக எழுதும் விஷயத்தை இந்தப் பெண் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

"எந்த எடத்துல எவ்வளவு சூடுன்னு தெரியுமுங்களா?"

தெரியுமாவா? அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவர் போல அழைத்துப் போனார். "இந்த எடம் நெத்திலிக்கு. காலைல போட்டா டீ டைமுக்கு எடுத்துடலாம். இஞ்ச வாளை, ஒரு ஷிப்டு ஆவும். அந்தா அங்க போட்டா அஞ்சு நிமிசத்துல கருவிடும், ஒரு தடவ போட்டுக் கெட்டேன். இந்த மூட்டுல பாருங்க, காத்து பீச்சுது, உள்ள சூட்ட அடைக்கிற பஞ்சு போயிடுச்சு. அதான் சுறாவ இஞ்ச தொங்க விட்டேன்."

நான் குறிப்பேட்டில் படம் வரைந்துகொண்டேன். நெத்திலி, வாளை, கருகல், சுறா. சூடு எங்கே எப்படி என்று இதைவிடத் துல்லியமான வரைபடத்தை நான் தயாரித்ததில்லை.

அஞ்சலை பக்கத்துக் கொட்டகையைக் காட்டினார். அங்கே, அச்சில் அழுத்தி எடுத்த, இன்னும் சுடாத பச்சை டைல்களின் ஈரத்தைப் போக்க டிரையர் ஓடுகிறது. அதற்குத் தனியாக ஒரு கேஸ் பர்னர். "அத ஏன் மேடம் தனியா எரிக்கிறாங்க? மீனக் காய வைக்கிற சூடு, ஈர டைல்ஸக் காய வைக்காதா?"

நான் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பெரிய தொழிற்சாலைகளில் இதைச் செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். இங்கே முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நான் கரண்டையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நானாவிடம் திட்டத்தைச் சொன்னேன். வீணாகும் சூட்டைக் குழாய் வழியாக டிரையருக்குத் திருப்பினால் டிரையரின் பர்னரை அணைத்துவிடலாம். கில்ன் கேஸில்தான் எரியும். அதற்கு இன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் குறைத்தோம் என்று உண்மையாகவே கையெழுத்துப் போடலாம். அவர் மலர்ந்தார். பிறகு கேட்டார்.

"உங்க துப்பாக்கிதான் கெட்டுப்போச்சே. சூட்ட எப்படி அளந்தீங்க?"

"அது... ஒரு உள்ளூர் முறைங்க."

எனக்கு நேருக்கு நேர் பொய் வராது. என் காதெல்லாம் சிவந்திருக்க வேண்டும். கதவோரம் நின்றிருந்த அஞ்சலை உள்ளே வந்துவிட்டார்.

"நான்தான் சொன்னேன் மொதலாளி. கருவாடு வச்சுப் பாத்தது."

நானா எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். "அந்த வாடை நீயா? யா அல்லா! நான் லாரியக் கழுவுன பன்னீருக்கு ஒரு கல்யாணமே பண்ணியிருக்கலாமே! நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வராத!"

அஞ்சலை அழவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். அவர் சொல்லிக்கொடுத்ததை வைத்துத்தான் ஆர்டரைக் காப்பாற்றப் போகிறோம். அவருக்கு வேலையும் போய், கருவாடு காயும் இடமும் போகிறது.

"அவங்க இல்லாம நான் இந்தக் கடிதத்துல கையெழுத்துப் போட முடியாதுங்க" என்றேன். "சூடு தெரிஞ்ச ஆளு அவங்க ஒருத்தர்தான்." பாதி உண்மை. மீதி பிடிவாதம்.

நானா மேஜை மேலிருந்த ஆர்டர் தாளை ஒருமுறை புரட்டினார். "நாளைக்கு மட்டும் வரச் சொல்லுங்க" என்றார்.

நாலாம் நாள் சோதனை. பக்கிரிசாமி பழைய தகரங்களை வளைத்து, மூட்டுகளில் சாக்கும் களிமண்ணும் அப்பி, டிரையருக்கு ஒரு குழாய் இழுத்துவிட்டார். குழாயின் மேல் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டேன். "மீட்டர விட இருக்கு" என்றார். சூட்டைத் திருப்பினோம். ஒரு மழைக்காலத்து மீன் எண்ணெய் குழாயின் வாயில் ஊறியிருந்திருக்கிறது. டிரையர் கொட்டகை முழுவதும் கருவாடு வறுக்கும் மணம் சூழ்ந்தது. பத்து நிமிஷத்தில் மதில் மேல் ஒரு பூனை. கொஞ்ச நேரத்தில் ஒன்பது. போலகத்துப் பூனைகள் மழையில் நனைந்தபடி, கூட்டம் தொடங்கக் காத்திருக்கும் உறுப்பினர்கள் போல வரிசையாக உட்கார்ந்தன. நானா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதையும் அந்தக் கடிதத்துல எழுதணுமாம்மா?" என்றார்.

ஒரு மணி நேரத்தில் வாடை எரிந்து அடங்கியது. பூனைகள் ஏமாந்து கலைந்தன. அஞ்சலை டிரையர் வாயிலில் கையை நீட்டி, "இன்னும் கொஞ்சம் தொறங்க... போதும்" என்று சொல்ல, பக்கிரிசாமி பர்னரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். கடைசியில் அணைத்தார். மறுமுனையில் டைல்கள் விரிசலில்லாமல், காய்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பக்கிரிசாமி ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்தார். காதில் வைத்துக் கேட்டார். "சரியா இருக்கு" என்றார், முதல் முறையாக.

அணைந்த பர்னரை நானா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார், பிறந்த பிள்ளையைப் பார்ப்பது போல.

"அப்ப எங்க மீனு?" என்றார் அஞ்சலை.

டிரையரிலிருந்து வெளியேறும் காற்றைக் கொடுக்கலாமே என்றேன். அவர் அதில் கையைக் காட்டிவிட்டுச் சிரித்தார். "இது குளிச்சுட்டு வர்ற காத்து மேடம். இதுல மீன் காயாது, வெந்துடும்." என் படிப்புக்கு அஞ்சலையிடம் விழுந்த இரண்டாவது அடி.

நல்ல காற்றைப் பங்கு போட்டால் பர்னரைத் திரும்ப எரிக்க வேண்டும். நானா மாட்டேன் என்றார். அப்போது பக்கிரிசாமி தொண்டையைச் செருமினார். "வெள்ளிக்கிழமை அச்சு ஓடாதுல்ல? டிரையரும் நிக்கும். கில்ன் நிக்காது. அன்னைக்குச் சூடு ஆகாசத்துக்குத்தான போவப்போவுது?"

தொழிற்சாலைக்கு வெள்ளி விடுமுறை. சேர்த்து வைத்த டைல்களைக் கொண்டு கில்ன் மட்டும் ஓடும்.

"வெள்ளிக்கிழமை நம்ம சனம் மீனே வாங்காது," என்று அஞ்சலையின் குரல் உயர்ந்தது. "விக்காத மீனத்தான கருவாடு போடுறோம்!"

நானா எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மதிலுக்கு வெளியில போட்டுக்குங்க. பெட்டிக்குப் பக்கத்துல ஒரு நெத்திலி வந்தாலும் எல்லாரையும் அனுப்பிடுவேன்." பிறகு அஞ்சலையிடம், வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "நாளன்னிக்கு ஷிப்டுக்கு வந்துடு" என்றார்.

அன்று சாயங்காலம் சிக்னல் இருப்பதாக ஒப்புக்கொண்டு போனை எடுத்தேன்.

"எத்தனை ஹீட்டருங்க?"

"ஒண்ணும் வேண்டாமுங்க."

"அப்ப நாலு நாளா அங்க என்னதானுங்க பண்றீங்க?"

"கருவாடு காயப் போடறேனுங்க" என்றேன். சார் எதிரில் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். அவர் சிரித்தாரா, பெருமூச்சு விட்டாரா என்று இன்னமும் விளங்கவில்லை. திரும்பிப் போனதும் பெரிய பேச்சு இருக்கிறது என்பது மட்டும் விளங்கியது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மதிலுக்கு வெளியே தகரக் கூரை போட்டு, கம்பி வலைத் தட்டுகள் அடுக்கி, குழாயிலிருந்து ஒரு கிளை இழுத்திருந்தார்கள். பட்டினச்சேரியிலிருந்து ஐந்தாறு பெண்கள் கூடைகளோடு, தலையில் பிளாஸ்டிக் பை கவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். ஜும்மா தொழுகை முடிந்து வெள்ளைச் சட்டையில் வந்த நானா, மூக்கில் கைக்குட்டையோடு பத்தடி தள்ளியே நின்றார்.

பக்கிரிசாமி வால்வைத் திறந்தார். சூடு புஸ்ஸென்று வந்தது. அஞ்சலை ஒவ்வொரு தட்டின் அருகிலும் கையை வைத்துப் பார்த்து, மீனுக்கு இடம் பிரித்தார். பிறகு பக்கிரிசாமி, கில்ன் கொட்டகையிலிருந்து அன்றாடப் பதிவு நோட்டைக் கொண்டுவந்து, மழை படாமல் கூரைக்கடியில் பிடித்தபடி எழுதினார்: வெள்ளி, மதியம், கிளை வால்வு திறப்பு, நெத்திலி. 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை என்னிடம் நீட்டினார். கோயம்புத்தூரிலிருந்து வந்த நிபுணர் நான்தானே.

நான் அதை அஞ்சலையிடம் கொடுத்தேன். அவர் தயங்கி நானாவைப் பார்த்தார். நானா மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். "போடு, போடு. நீதான அளந்த" என்றார்.

அஞ்சலை சேலையில் கையைத் துடைத்துவிட்டு, எழுத்துக் கூட்டி, முழுப் பெயரையும் எழுதினார். பெயரோடு ஒரு மீன் செதிலும் ஒட்டிக்கொண்டது. பக்கிரிசாமி அதைத் தட்டிவிடாமல் நோட்டை மூடினார்.